மேலே ஏறச் சொல்கிற ஊர்

1

“கடலுக்குப் பக்கத்துல வீடாமே, குடுத்து வெச்சவடி நீ.” ஊரில், கண்டி மஹய்யாவையிலிருந்து யார் தொலைபேசியில் பேசினாலும் இதைச் சொல்லாமல் வைப்பதில்லை. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. கொடுத்து வைத்தவளின் தெரு எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் இருப்பது நியூசிலாந்தில், வெலிங்டன் நகரத்தின் தென்கரையில். எங்கள் தெருவின் ஒரு முனையில் கடல், மறுமுனையில் மலை. இரண்டுக்கும் நடுவில், தார் ரோட்டின் குறுக்கே, தடிப்பாக ஒரு நீலக் கோடு போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே மலையைக் காட்டி அம்புக்குறி. சுனாமி வந்தால் தண்ணீர் மிஞ்சிப்போனால் இதுவரைதான் வரும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட கோடு அது. கோட்டுக்கு மேலே பாதுகாப்பான இடம். கீழே இருப்பவர்கள் ஓட வேண்டும். எங்கள் வீடு கீழே. எங்களுக்கு நாலு வீடு தள்ளி மேலே இருக்கிற கிழவர் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கலாம். நாங்கள் அவர் வாசலைத் தாண்டி ஓட வேண்டும்.

எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் சாமிப் படம் இருந்த இடத்தில் இப்போது நகர சபையின் வரைபடம் இருக்கிறது. எந்தப் பகுதி எவ்வளவு ஆபத்து என்று நிறம் தீட்டிய படம். விதிகளும் அதிலேயே உண்டு. நிலம் பலமாக ஆடினாலோ, ஒரு நிமிஷத்துக்கு மேல் விடாமல் ஆடினாலோ, சங்கு ஊதும் என்று காத்திருக்காதே. காரை எடுக்காதே. கால்நடையாக மேலே ஏறு. சொல்லும் வரைக்கும் இறங்காதே. இவ்வளவுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

நான் கண்டிக்காரி. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கண்டிக் குளம்தான். கடலை முதன்முதலில் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில், அதுவும் பஸ் ஜன்னலால். மார்கழிச் சுனாமி வந்தபோது நாங்கள் மஹய்யாவையில் தெருத்தெருவாகச் சோற்றுப் பார்சல் கட்டி லொறியில் ஏற்றினோம். ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, “நல்லவேளை, நம்ம மலைநாட்டுல இருக்கோம்” என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம். எல்லாரும் சொன்னோம். கடல் மற்றவர்களுடைய எதிரி, மலை நமக்குச் சொந்தக்காரன் என்று அப்படி ஒரு நினைப்பு.

வருகிற அமாவாசைக்கு என் அண்ணியின் முதல் திவசம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரவீணாவுக்குப் பதினைந்து வயது. இங்கே வந்தபோது கைக்குழந்தை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆங்கிலத்தில் கேட்டால் என் உச்சரிப்பைத் திருத்துவாள். எப்போதாவது அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். அந்தத் தமிழில் வாங்க, போங்க கிடையாது. அப்பனையும் வா, சாமியையும் வா. “மரியாதையா பேசு பாப்பா” என்றால், “மரியாதை மனசில இருக்கு” என்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அனர்த்தப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நிலம் ஆடினால் மேசைக்கடியில் போய் மேசைக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆட்டம் நின்றதும் ஓட வேண்டும். எங்கள் வீட்டு ஓட்டப் பையை அடுக்கியது அவள்தான். தண்ணீர், டோர்ச், மருந்து, டின் சாப்பாடு. நான் இரகசியமாக ஒரு பைக்கற் மாசிக் கருவாடும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் உள்ளே செருகி வைத்தேன். அடுத்த நாள் இரண்டும் குசினி மேசையில் இருந்தன.

“அம்மா, இது எமர்ஜென்சி. பிக்னிக் இல்ல.”

“மலையில ஏறி உக்காந்துக்கிட்டு அந்த டின் பீன்ஸ நீயே தின்னு. எனக்குத் தொண்டையில இறங்காது.”

வருஷத்துக்கு ஒரு தடவை முழுத் தெருவும் ஒத்திகைக்கு ஏறும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் ஒத்திகை உண்டு. சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் போகிறபோது பின்னால் வருகிறவர்கள் பாட்டுப் பாடுவார்கள். ஏறி முடிந்ததும் கேக் கொடுப்பார்கள். இந்த ஊரில் மேலே ஏறுவது என்றால் பிழைப்பது. அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

3

அண்ணன் பெயர் செல்வராஜ். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா கண்டி மாநகர சபையில் வேலை செய்தார். நாங்கள் பிறந்து வளர்ந்தது மஹய்யாவையில். அண்ணனுக்கு டவுன் வேலை பிடிக்கவில்லை. மேலே மலைக்குள், மடுல்கெல்லப் பக்கம் போய் ரோட்டோரமாக ஒரு பலசரக்குக் கடை போட்டார். கடைக்கு வந்துபோன ராஜேஸ்வரியைக் கட்டினார். ராசு அண்ணி. கடைக்குப் பின்னாலேயே வீடு. பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை இரண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டே தீர்த்துக்கொண்டார்கள். உப்பு மூட்டையை எங்கே வைப்பது என்பதில் ஆரம்பித்தால் சாயந்தரம் வரை போகும். கடைக்கு வருகிறவர்கள் சாமான் வாங்கிய பிறகும் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

போன வருஷம் விடாமல் மழை பெய்தது. எப்படிப்பட்ட மழை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது என்று உத்தியோகத்தர்கள் வந்து பார்த்தார்கள். வீட்டை விட்டுப் போய்விடுங்கள் என்றார்கள். எங்கே போவது? மேலே இருக்கிற பள்ளிக்கூடம்தான் பாதுகாப்பான இடம் என்று ஒதுக்கியிருந்தார்கள். சனமெல்லாம் பாயும் தலையணையுமாக ஏறியது. அண்ணனும் அண்ணியும் ஏறினார்கள். ஏறி, இடம் பிடித்து, பாயை விரித்த பிறகு, போர்வை காணாது, இன்னொன்று வேண்டும் என்று அண்ணன் மட்டும் திரும்பவும் வீட்டுக்கு இறங்கினார்.

அவர் அலுமாரியைத் திறந்து போர்வையை எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே சத்தம் கேட்டதாம்.

சரிந்தது கடைக்குப் பின்னால் இருந்த மேடு இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மலை. ஆபத்து என்று சொன்ன வீட்டில் ஒரு ஓடு விலகவில்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பருப்புச் சட்டி கூட மூடியோடு அப்படியே இருந்தது. பாதுகாப்பு என்று சொன்ன இடத்தில் ஒன்றும் இல்லை.

எனக்குச் செய்தி சொன்னது அண்ணன் இல்லை. ஊர்ப்பக்கம் போன் எதுவும் வேலை செய்யவில்லை. கலகெதரயிலிருந்து அவருக்குச் சரக்குக் கொடுக்கிற ரியாஸ் நானாதான் (முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன் என்றால் நானா), ரோடு உடைந்த இடமெல்லாம் நடந்து போய்ப் பார்த்து, திரும்பி வந்து எனக்குப் போன் எடுத்தார்.

“தங்கச்சி, மனச தைரியமா வெச்சிக்கோங்க. ஒங்கட நானா இருக்கார். மதினிதான் மவுத்தாப் பெய்ட்டாங்க. அல்லாஹ்ட நாட்டம், நாம என்ன செய்யிற?”

நான் அப்போது வேலையில் இருந்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கரண்டிக்கு வாயைத் திறந்தபடி இருந்தார். என் கை போகவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து கரண்டியை வாங்கினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை.

தோண்டி எடுக்கக் கிழமைக்கணக்காகிவிட்டது. அதுவரை அண்ணி ‘காணாமல் போனவர்’. எடுத்து, சேலையை வைத்து அண்ணன் அடையாளம் சொன்ன பிறகும் ஓப்பீசில் அவர் காணாமல் போனவராகவே இருந்தார். அந்தப் பெயரைக் காணாமல் போனவர் பட்டியலிலிருந்து வெட்டி இறந்தவர் பட்டியலில் எழுத ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இல்லை. அவர் வந்தால் மற்றவர் இல்லை. அண்ணன் கண்டிக்கும் மடுல்கெல்லவுக்கும் பஸ்ஸில் அலைந்தார். “ஹெட்ட எண்ட” என்பார்களாம், சிங்களத்தில் நாளைக்கு வாங்க. “ஹெட்ட எண்ட, ஹெட்ட எண்டன்னு சொல்லிச் சொல்லியே அவ செத்ததுகூட எனக்கு மறந்துபோச்சு கலா” என்று ஒருநாள் போனில் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான், இந்த மனுஷனை அங்கே தனியாக விட்டால் போய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்தது.

இங்கே கூப்பிடுவதற்கு விசா. கணினிக்கு முன்னால் பிரவீணா உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். வருகிறவர் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தது. ஊரில் அவருக்கு யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது?

“அம்மா, என்ன போடட்டும்?”

“கடை இருக்குன்னு போடு.”

“யாரு இருக்கான்னு கேக்குது.”

“அண்ணிய அங்கதான் பொதைச்சிருக்குன்னு போடு” என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதைத் தட்டவில்லை. கடையை மட்டும் போட்டாள்.

4

அண்ணன் வந்து இறங்கினார். விமான நிலையத்திலிருந்து கார் கடலோரமாகத்தான் வரும். யார் முதன்முதலில் வந்தாலும் கடலைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அண்ணன் மற்றப் பக்க ஜன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மலையை வெட்டி ரோட்டைப் போட்டு, வெட்டிய இடத்தில் கம்பி வலை அடித்திருப்பார்கள். “இது நிக்குமா?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். “நிக்கும் மச்சான், எல்லாம் செக் பண்ணித்தான் வெச்சிருக்காங்க” என்றார் அவர். அண்ணன் அந்த வலை மறையும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தோம். அந்த ஜன்னல் மலைப்பக்கம். முதல் நாளே பாயை எடுத்துக்கொண்டு முன் ஹோலுக்கு வந்துவிட்டார். மழை பெய்தால் போதும், குடையும் இல்லாமல் தெருவில் இறங்கி, மேட்டிலிருந்து ரோட்டோரக் கானில் ஓடி வருகிற தண்ணீரைக் குனிந்து பார்ப்பார். மலை சரியுமுன் தண்ணீர் கலங்கி வருமாம், அதைப் பார்க்கிறாராம். இந்த ஊரில் மழை பெய்யாத கிழமை ஏது? பக்கத்து வீட்டுக்காரி மார்கரெட், உங்கள் சகோதரர் எதையாவது தொலைத்துவிட்டாரா என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். தனியாக இருப்பார். பிரவீணா பள்ளியால் வரும்போது தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் அரைத்து வைத்திருப்பார். என் சமையலை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளுகிறவள், மாமா கையால் உறைப்பைத் தின்றுவிட்டு, கண்ணால் தண்ணீர் வடிய “இன்னும் வை” என்பாள். அந்த ‘வை’யைக் கேட்டு அண்ணன் சிரிப்பார். அவருக்கு அவள் வாங்க, போங்க சொல்லாதது பெரிய சந்தோஷம். “விடு கலா, வாய் நிறைய மாமான்னு கூப்புடுதில்ல, அது போதும்” என்பார்.

அவள் அவருக்கு அந்த நீலக் கோட்டை விளக்கிச் சொன்ன நாள் எனக்கு நல்ல ஞாபகம். இரண்டு பேரும் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள். நான் வேலையால் வந்துகொண்டிருந்தேன்.

“இது கீழ, டேஞ்சர். இது மேல, சேஃப். நிலம் ஆடினா மாமா மேல ஓடணும். விளங்குதா?”

“யாரு சொன்னா மேல சேஃப்புன்னு?”

“கவுன்சில்.”

“ஆபீசர்மாரா?”

“ம்ம்.”

அண்ணன் மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். “சரிம்மா” என்றார். அவ்வளவுதான். சூடுகண்ட பூனை என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். போகப்போகச் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். நாம் எதைத்தான் அப்படி நினைக்கவில்லை?

அண்ணியைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. உப்பு எங்கே, சீனி எங்கே என்பதைத் தவிர எங்கள் இரண்டு பேருக்குள் பேச்சில்லை. ஊரில் என்றால் சனம் வந்து குந்தி, ஒப்பாரி வைத்து, அழுது, பேசி, எப்படியாவது அவரைப் பேச வைத்திருக்கும். இங்கே யார் வருவார்கள்? வருகிறவர்களும் பூங்கொத்தை நீட்டிவிட்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, போய்விடுகிறார்கள்.

5

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நான் குசினியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அலுமாரிக்குள் கோப்பைகள் சலசலத்தன. இங்கே அது சாதாரணம், இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. சுவர் முனகியது. தோசைக்கல் அடுப்பை விட்டு நகர்ந்தது. “அம்மா! கீழ! மேசைக்குக் கீழ!” என்று பிரவீணா கத்தினாள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மேசைக்கடியில் கிடந்தோம். ஆட்டம் நிற்கிற மாதிரி இருந்துவிட்டுத் திரும்பவும் வந்தது. முருகா, முருகா என்று நான் சொன்னதை அவளும் சொன்னாள்.

நின்றது. இரண்டு பேருடைய போனும் ஒன்றாகக் கூவின. கரையோரத்தில் இருப்பவர்கள் உடனே உயரமான இடத்துக்குப் போகவும்.

ஹோலுக்கு ஓடினேன். அண்ணனின் பாய் இருந்தது. அண்ணன் இல்லை. முன்கதவு திறந்து கிடந்தது.

“மாமா முதல்லயே ஓடிருச்சு” என்றாள் பிரவீணா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினோம். தெரு நிறையச் சனம். பிள்ளைகள், நாய்கள், இரவுச் சட்டையோடு கிழவர்கள். மார்கரெட் பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரும் கத்தவில்லை, தள்ளவில்லை. இத்தனை வருஷ ஒத்திகை வீண்போகவில்லை. எல்லாரும் மலையைப் பார்த்து நடந்தார்கள். நீலக் கோட்டைத் தாண்டினோம். அதற்கு மேலேயும் ஏறி, பேருந்து திரும்புகிற திடலில் போய் நின்றோம். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அண்ணன் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடச்சி மாதிரி மேலே தேடிக்கொண்டிருக்கிறேன்! அந்த மனுஷன் எங்கே மேலே ஏறுவார்? நிலம் சத்தம் போட்டால் மலையை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் ஓடு என்றுதான் அவருக்குத் தெரியும். மலையை விட்டுத் தூரப் போனால் எங்கள் தெருவில் என்ன இருக்கிறது? கடற்கரைத் திடல் இருக்கிறது. பிள்ளைகள் பந்தடிக்கிற வெட்டவெளி. வரைபடத்தில் எல்லாவற்றிலும் மோசமான நிறம் தீட்டிய இடம்.

“பாப்பா, நீ இங்கயே மார்கரெட்டோட நில்லு. நான்…” என்று திரும்பினேன். பக்கத்தில் அவள் இல்லை. அவளுக்கு எனக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது போலிருக்கிறது. ஏறுகிற சனத்துக்கு நடுவால் அவளுடைய மஞ்சள் மழைச்சட்டை கீழே இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். செருப்பு எங்கே கழன்றதோ தெரியாது. இறங்காதீர்கள், இறங்காதீர்கள் என்று இரண்டு பக்கமும் கை நீட்டி மறித்தார்கள். என் பிள்ளை, என் பிள்ளை என்று தமிழிலேயே கத்திக்கொண்டு ஓடினேன். கடல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும்.

திடலின் நட்டநடுவில், ஈரப் புல்லில், அண்ணன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் மலைப்பக்கம். முதுகு கடலுக்கு. பிரவீணா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே! எந்திரிங்க! கடல் வரப்போகுதாம்!”

“நீ பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ கலா.”

“நீங்களும் வாங்க.”

“நான் இங்கயே இருக்கேன். கடல் வந்தா வாறது கண்ணுக்குத் தெரியும். மலை வந்தா தெரியாது.”

“ஐயோ, இது மடுல்கெல்ல இல்லண்ணே! இங்க மலைதான் காப்பாத்தும். எல்லாரும் மேலதான் நிக்கிறாங்க.”

“அங்கயும் எல்லாரும் மேலதான் நின்னாங்க.”

நான் அவருடைய மற்றக் கையைப் பிடித்து இழுத்தேன். கனத்த உடம்பு, அசையவில்லை. கெஞ்சினேன். அம்மா மேல் சத்தியம் போட்டேன். கோபத்தில், “நீங்க சாகணும்னா ஊர்லயே செத்திருக்கலாமே, எதுக்கு இங்க வந்து என் பிள்ளையையும் கொல்றீங்க?” என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் அதற்கும் தலையை ஆட்டினார். பிள்ளையைக் கூட்டிப்போ, கூட்டிப்போ என்பதையே சொன்னார்.

பிரவீணா இழுப்பதை நிறுத்தினாள். அவருக்கு முன்னால் போய், அந்தச் சேற்றில், அவரைப் போலவே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“மாமா வரலன்னா நானும் போகல.”

தெளிவான தமிழ். ஒரு சொல் பிசகவில்லை.

அண்ணன் முகத்தில் இரத்தம் வற்றியது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. “அப்புடிச் சொல்லாத” என்றார். “அப்புடி மட்டும் சொல்லாதம்மா.”

“வரலன்னா நானும் போகல” என்று அவள் திரும்பவும் சொன்னாள்.

அவர் எழுந்தார்.

6

ஏறும்போது அவர் பிரவீணாவின் கையை விடவில்லை. இடது பக்கம் வெட்டிய மலை நிற்கிறது. அவளை வலது பக்கம் தள்ளிவிட்டு, மலையோரமாக அவர் நடந்தார். மேலே இருந்து ஒரு கூழாங்கல் உருண்டாலும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. அவர் உள்ளங்கை வேர்த்து வழுக்குகிறது என்று பிள்ளை என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். நீலக் கோட்டைத் தாண்டிப் போனோம். அண்ணன் குனிந்து அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மலையைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார்.

மேலே, பேருந்து திரும்புகிற இடத்தில், யாரோ எங்களுக்குப் போர்வை தந்தார்கள். மார்கரெட் பிஸ்கட் கொடுத்தாள். எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் ஒருவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைக்கு முகம் கொடுத்து நின்றார். நெடுநேரம் நின்றோம். அலை வரவில்லை. வந்தது என்று சொல்லுமளவுக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு எல்லாருடைய போனும் ஒன்றாகச் சத்தமிட்டன. ஆபத்து நீங்கியது, வீடுகளுக்குத் திரும்பலாம். சனம் கை தட்டியது. சிலபேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சரிவில் கத்திக்கொண்டு ஓடின.

அண்ணன் அப்படியே தரையில் குந்திவிட்டார். நானும் பக்கத்தில் குந்தினேன். பிரவீணா எங்களுக்கு எதிரில் நின்றாள். அவர் என்னைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். மெல்லிய குரலில், வேகமாக, எங்கள் மஹய்யாவைப் பேச்சில். அந்தச் சத்தத்திலும் வேகத்திலும் பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது.

“ராசு ஏறமாட்டேன்னுதான் சொன்னா கலா. முழங்கால் வலிக்குது, அந்தக் கூட்டத்துக்குள்ள என்னால படுக்க ஏலாது, நான் என் வீட்டுலயே இருந்துக்கிறேன், நீங்க போங்கன்னா. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சண்டை போட்டேன். அசையல. கடைசியில நானும் இந்தப் பிள்ளை மாதிரித்தான் வாசல்ல குந்திக்கிட்டேன். நீ வரலன்னா நானும் போகலன்னேன்.” அவர் இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டார். “அதுக்காகத்தான் எந்திரிச்சா. எனக்காகத்தான் ஏறினா.”

நான் அவர் முதுகில் கையை வைத்தேன். ஆபீசர்மார் சொன்னதுதானே, நீங்க என்ன செய்வீங்க என்று சொல்லலாம். அதை அவர் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருப்பார். அவர் உடம்பு முழுவதும் நடுங்கியது.

“அம்மா, மாமா என்ன சொல்லுது?” என்று பிரவீணா கேட்டாள்.

“குளிருதாம்” என்றேன்.

அவள் உடனே தன் மஞ்சள் மழைச்சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். அது அவருக்குப் பாதி முதுகுக்குத்தான் வந்தது. அதை இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து விட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இருக்காதா? அத்தனை பேருக்கு நடுவில் இறங்கிப் போய் ஒரு மனுஷனைக் காப்பாற்றி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“பாத்தியா அம்மா, நீ சொல்லி மாமா வரல. நான் சொல்லித்தானே வந்திச்சு?” என்றாள். பிறகு அவரிடமே குனிந்து கேட்டாள். “எனக்காகத்தானே மாமா ஏறின?”

அண்ணன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“ஆமாம்மா” என்றார். “ஒனக்காகத்தான்.”